கயிறு இருந்தது, இழுக்க ஆள் இல்லை

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. அசெம்ப்ளி லைனுக்கு மேலே, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, துணி காயப்போடக் கட்டியதுபோல ஓடும். ஆபரேட்டர் கண்ணில் ஏதாவது கோளாறு பட்டால் அதை இழுக்க வேண்டும், லைன் நிற்கும், கோளாறைச் சரிசெய்த பிறகுதான் மறுபடி ஓடும். ஜப்பானில் இப்படித்தான் என்று சொல்லிக் கட்டினார்கள். கட்டிய அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷின் மெஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த பையன், எட்டி அந்தக் கயிற்றின் கைப்பிடிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போனான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். காரணம், அதற்கு முந்தைய பத்து மாதத்தில் அதை ஒரே ஒரு முறைதான் ஒருவர் இழுத்திருந்தார். அந்த ஒரு முறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

நாங்கள் செய்தது இரு சக்கர வண்டிகளுக்கான ஸ்விட்ச். ஹேண்டில்பாரில் கட்டைவிரல் படும் இடத்தில் இருக்குமே, அது. ஸ்பிரிங், காப்பர் கான்டாக்ட், வயர், பிளாஸ்டிக் மூடி, நாலு ஸ்க்ரூ. பார்க்கச் சின்ன பொருள். ஆனால் ஒரு ஸ்பிரிங் வளைந்திருந்தால் மழையில் இண்டிகேட்டர் வேலை செய்யாது, வண்டி கம்பெனிக்காரன் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புவான். பெரியவர் ஒருவர் ஒரு ஷெட்டில் ஆரம்பித்த கம்பெனி. நான் சேர்ந்தபோது இருநூறு பேர் இருந்தோம்.

பெரியவருக்கு ஒரு பழக்கம். தினமும் காலை ஏழு மணிக்கு, முதல் ஷிஃப்ட் சூடு பிடிக்கும் நேரத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லைன் ஓரமாக ஒரு நடை நடப்பார். யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சில விநாடி நிற்பார், அவ்வளவுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த மூத்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் தலையை நிமிர்த்தாமலே, "முதலாளி, நேத்து வந்த ஸ்பிரிங் கொஞ்சம் மெலிசு" என்பார். பெரியவர் "ம்" என்பார். ஒன்பது மணிக்கு ஸ்டோர்ஸில் அந்த ஸ்பிரிங் பெட்டி தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கும். எங்கேயும் எழுத்தில் இல்லாத ஏற்பாடு. அதற்கு ஒரு பெயர்கூட இல்லை.

பெரியவருக்கு உடம்பு முடியாமல் போய், மகன் பொறுப்புக்கு வந்தார். நல்ல மனிதர், உழைப்பாளி, வெளிநாட்டில் படித்தவர். ஒரு ஆலோசனைக் குழுவை அமர்த்தினார். இடத்தை ஒழுங்காக வைக்கும் ஃபைவ் எஸ், எந்தப் பொருள் எப்போது தேவை என்று காட்டும் கான்பான் அட்டை, தரையில் மஞ்சள் கோடு, சுவரில் வரைபடங்கள், கடைசியாகக் கயிறு. கயிறு வந்த பிறகு காலை நடை நின்றுவிட்டது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கணக்குப்படி, தகவல் மேலே வர ஒரு முறையான வழி வந்துவிட்டது, இனி முதலாளி லைனில் சுற்ற வேண்டிய அவசியம் என்ன?

இப்போது அந்த ஒரு முறை.

சால்டரிங் ஸ்டேஷனில் ஒரு பெண் இருந்தாள், கான்ட்ராக்டில் வந்தவள். கயிறு கட்டிய முதல் வாரத்திலேயே இழுத்துவிட்டாள். எங்கள் கயிற்றுக்கு ஒரு சைரனும் வைத்திருந்தோம். ஊரைக் கூட்டும் சத்தம். லைன் மொத்தமும் பட்டென்று நின்றது. மேலே கண்ணாடி அறையிலிருந்து நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள். லைன் இன்சார்ஜ் ஓடிப் போய், "யாரு நிறுத்தினது? ஏம்மா நிறுத்தினே?" என்று கேட்டான். வயர் கலர் மாறி வருது சார் என்றாள். அவள் சொன்னது சரிதான். ஒரு கட்டு முழுவதும் தப்பான வயர். சரிசெய்ய பதினோரு நிமிடம் ஆனது. ரெஜிஸ்டரில் 'நிறுத்தியவர் பெயர்' என்று ஒரு கட்டம், 'இழந்த நிமிடம்' என்று ஒரு கட்டம். இரண்டையும் நிரப்பினான். மாலை மீட்டிங்கில் அந்தப் பெயரும் அந்த பதினொன்றும் திரையில் வந்தன. யாரும் திட்டவில்லை. அடுத்த மாதம் அவளைப் பாக்கிங்குக்கு மாற்றினார்கள். தண்டனை என்றும் யாரும் சொல்லவில்லை.

அந்த லைன் இன்சார்ஜ் நான்தான்.

பிறகு பத்து மாதம் கயிறு சும்மா தொங்கியது. ரிஜெக்‌ஷன் குறையவில்லை, கொஞ்சம் ஏறியது. ஆலோசகர்கள் வந்து பார்த்து, "உங்கள் ஆட்களுக்கு இன்னும் மனநிலை மாறவில்லை, பயிற்சி தேவை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 'மனநிலை' என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

ஜப்பான் கயிற்றைப் பற்றி நான் உருப்படியாகப் படித்தது அதற்கும் பிறகுதான். படித்ததும் முதலில் எனக்கு வந்தது சிரிப்பு. டொயோட்டாவில் கயிற்றை இழுத்தால் லைன் உடனே நிற்பதில்லை. ஒரு சின்ன இசை ஒலிக்கும், மேலே இருக்கும் பலகையில் அந்த ஸ்டேஷனின் எண் எரியும். டீம் லீடர் நடந்து வருவார். வண்டி அந்த ஸ்டேஷனின் எல்லையைத் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து கோளாறைச் சரிசெய்துவிட்டால் மறுபடி ஒரு இழுப்பு, அவ்வளவுதான், லைன் நிற்கவே நிற்காது. சரியாகவில்லை என்றால்தான் அந்த எல்லையில் போய் நிற்கும். ஆக அது 'நிறுத்து' என்ற கட்டளை இல்லை, 'கொஞ்சம் வாங்களேன்' என்ற கூப்பாடு. கூப்பிட்டால் வருவதற்கு ஆள் வேண்டுமே, அதற்காக நாலைந்து பேருக்கு ஒரு டீம் லீடர், கையில் வேறு நிரந்தர வேலை இல்லாமல். எங்கள் லைனில் நாற்பது பேருக்கு நான் ஒருத்தன். டிஸ்பேட்ச் போன், மெட்டீரியல் சண்டை, லீவு லெட்டர் எல்லாம் என் தலையில். என்னைக் கூப்பிட்டால் நான் எந்த முகத்தோடு வருவேன்?

இந்தப் பழக்கத்தின் வேர் கார் தொழிலில்கூட இல்லை, தறியில் இருக்கிறது. நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியை சகிச்சி டொயோடா 1924இல் முழுமைப்படுத்தினார். அறுந்த நூலோடு தறி ஓடினால் கஜக் கணக்கில் துணி வீண். நின்றால் ஒரு முடிச்சோடு போயிற்று. நெசவாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோளாறு தெரிந்ததும் நிற்பதுதான் லாபம் என்பது அந்தக் குடும்பத்துக்குக் கார் செய்வதற்கு முன்பே தெரிந்திருந்தது.

சரி, ஜப்பானியர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது, நமக்கு வராது என்று ஒரு வாதம் உண்டு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, நாம் எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் டொயோட்டாவின் சொந்தக் கதை அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1950இல் அந்தக் கம்பெனி திவாலாகும் விளிம்பில் நின்றது. வங்கிகளின் நெருக்கடியில் ஆட்குறைப்பு அறிவித்தார்கள், தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கடைசியில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வெளியே போனார்கள், சகிச்சியின் மகன் கீச்சிரோ தலைவர் பதவியை விட்டே விலகினார். அந்தத் தழும்புக்குப் பிறகுதான் வேலைக்கு உத்தரவாதம் என்ற பேச்சு அங்கே உறுதியானது. நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டது 1962இல். பன்னிரண்டு வருஷம். இன்று நாம் 'ஜப்பானியக் கலாசாரம்' என்று சொல்வது சண்டை போட்டு, தோற்று, பேரம் பேசி வந்த ஒன்று.

இதற்கு இன்னும் நல்ல சாட்சி கலிஃபோர்னியாவில் இருக்கிறது. ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. அதன் பெயர் அமெரிக்கா முழுக்கக் கெட்டுப் போயிருந்தது. ஒரு சாதாரண நாளில் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வர மாட்டார். திங்கட்கிழமைகளில் லைனை ஓட்ட ஆள் போதாது. குடி, திடீர் வேலைநிறுத்தம், தீராத புகார் மனுக்கள். கதவுப் பலகைக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவோம், வாங்குகிறவன் ஆயுசுக்கும் 'கடகட' சத்தத்தோடு ஓட்டட்டும் என்று, அங்கே வேலை செய்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். மேலாளர்களுக்கு ஒரே ஒரு விதி, என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது. இன்ஜின் திருப்பி வைக்கப்பட்ட வண்டிகூட அப்படியே நகர்ந்து வெளியே போய்விடும், பின்னால் ஒரு மைதானத்தில் நிறுத்திப் பிரித்து மேய்வார்கள். 1982இல் ஜி.எம். அதை இழுத்து மூடியது.

அதே கட்டடத்தை 1984இல் டொயோட்டாவும் ஜி.எம்.மும் கூட்டாகத் திறந்தன. நுமி என்று பெயர். நடத்துவது டொயோட்டா. சங்கம் அதே யு.ஏ.டபிள்யூ., அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கம். ஆட்களிலும் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், பாட்டில் போட்ட அதே கைகள். அவர்களில் சில நூறு பேரை டீம் லீடர்களாக, குரூப் லீடர்களாக எடுத்து, ஜப்பானில் டொயோட்டாவின் டகாவோகா தொழிற்சாலைக்குச் சில வாரங்கள் அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் சொன்னதில் அதிகம் காதில் விழுவது இயந்திரங்களைப் பற்றி இல்லை. வேலையில் தடுமாறினால் யாரோ வந்து உதவட்டுமா என்று கேட்டார்கள், நாங்கள் ஒரு யோசனை சொன்னோம், சில நிமிடத்தில் ஒரு கருவியைச் செய்து கொண்டுவந்து கொடுத்தார்கள். இதைச் சொல்லும்போது அந்த வயசான அமெரிக்கத் தொழிலாளிகளின் குரல் இன்னும் கரகரக்கிறது.

1984 டிசம்பரில் முதல் வண்டி, ஒரு செவர்லே நோவா, வெளியே வந்தது. வேலைக்கு வராதவர்கள் விகிதம் இருபதிலிருந்து இரண்டு மூன்று சதவீதத்துக்கு இறங்கியது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அப்போது மூன்று தொழிற்சாலைகளை ஒப்பிட்டார்கள். ஒரு வண்டியைப் பூட்டி முடிக்க ஜி.எம்.மின் ஃப்ரேமிங்ஹாம் ஆலையில் 31 மணி நேரம், டகாவோகாவில் 16, நுமியில் 19. தரத்தில் நுமியும் டகாவோகாவும் சமம். ஆட்கள் மாறவில்லை, சங்கம் மாறவில்லை. 'எங்கள் ஊர் ஆட்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது' என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த மூன்று எண்களைச் சொல்வது வழக்கம்.

எப்படி நடந்தது என்பதில்தான் விஷயம். கயிறு கட்டுவதற்கு முன்பே அவர்கள் சில காரியங்களைச் செய்துவிட்டார்கள். மேலாளர்களுக்குத் தனி உணவறை இல்லை, தனிப் பார்க்கிங் இல்லை. பழைய ஆலையில் எண்பதுக்கும் மேலாகக் கிடந்த வேலைப் பிரிவுகளை உற்பத்தியில் ஒன்றாகச் சுருக்கினார்கள். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினார்கள், அதுதான் அஸ்திவாரம் என்பது என் எண்ணம். கம்பெனி கடும் நெருக்கடியில் சிக்கினால் ஒழிய ஆட்குறைப்பு கிடையாது, அப்படியே வந்தாலும் முதலில் மேலாளர்களின் சம்பளத்தைக் குறைப்போம், வெளியே கொடுத்த வேலைகளை உள்ளே எடுத்துக்கொள்வோம், அதற்கப்புறம்தான் தொழிலாளியின் பக்கம் வருவோம் என்று.

எழுதுவது எளிது. 1980களின் கடைசியில் நோவா விற்கவில்லை, ஆலையின் திறனில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் வேலை இருந்தது. எல்லோரும் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள். கடிதம் வரவில்லை. வேலையில்லாத ஆட்களை வகுப்புக்கு அனுப்பினார்கள், லைனை மேம்படுத்தும் வேலைகளில் உட்கார வைத்தார்கள், சுவருக்குச் சாயம் அடித்தார்கள். ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. நோவா விற்காத அந்த மாதங்களில்தான் நுமியின் கயிறு நிஜமாகக் கட்டப்பட்டது என்று நான் நினைக்கிறேன். தன் கோளாறைத் தானே காட்டிக் கொடுத்தால், அதனால் வேலை குறைந்தால், தன் வயிற்றில் அடி விழாது என்று ஒரு மனிதன் நம்ப வேண்டும். இல்லாவிட்டால் எதற்காகக் கையை மேலே தூக்குவான்?

ஜி.எம். இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது, பாதிப் பங்குதாரர் அல்லவா. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வான் நைஸ் என்ற தன் ஆலையில் அதை அப்படியே நட முயன்றது. குழுக்கள், கயிறு, கோஷம் எல்லாம் வந்தன. ஆனால் அங்கே ஆலையை மூடப்போகிறோம் என்ற மிரட்டலும் கூடவே தொங்கியது. சீனியாரிட்டியைப் பறிக்கும் தந்திரம் இது என்று சங்கத்தில் ஒரு பகுதி நினைத்தது. சூப்பர்வைசர்களின் மதிப்பு இன்னும் எத்தனை வண்டி வெளியே போயிற்று என்ற கணக்கிலேயே இருந்தது. லைனை நிறுத்தினால் நஷ்டம் அந்த சூப்பர்வைசருக்கு. கயிறு அங்கேயும் தொங்கியது. 1992இல் வான் நைஸை மூடினார்கள். நுமியின் ஒவ்வொரு அங்குலத்தையும் படம் பிடித்து வா, அதேபோல இங்கே செய்துவிடலாம் என்று ஒரு ஜி.எம். மேலாளர் ஆள் அனுப்பிய கதை ஒன்று சொல்வார்கள். கேட்டபோது எங்கள் ஆலோசகர்களின் லேப்டாப்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதில் எத்தனை போட்டோ!

எல்லா முறைகளும் இப்படி நம்பிக்கையின் மேல் நிற்பவை இல்லை. கெடுபிடியின் மேல் நிற்பவையும் உண்டு, அவையும் தங்கள் மண்ணில் நன்றாகவே வளரும். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் அதன் தலைவர் ஜாக் வெல்ச் நடத்தியது அந்த வகை. வருஷா வருஷம் ஆட்களைத் தரம் பிரித்து, மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10, அந்தப் பத்து வெளியே. கூடவே சிக்ஸ் சிக்மா, பத்து லட்சத்தில் 3.4 பிழைக்கு மேல் கூடாது என்ற கணக்கு. 2000ஆம் ஆண்டுக் கடைசியில் வெல்ச்சின் நாற்காலி ஜெஃப் இமெல்ட்டுக்கு என்று முடிவானது. அந்தப் போட்டியில் தோற்ற இரண்டு பேரையும் சில நாட்களுக்குள் வேறு கம்பெனிகள் தூக்கிக்கொண்டன. ராபர்ட் நார்டெல்லி ஹோம் டிப்போவுக்கு, ஜேம்ஸ் மக்னெர்னி 3எம்முக்கு. ஒரே பள்ளியில் படித்த இருவர் ஒரே பாடப் புத்தகத்தோடு இரண்டு வெவ்வேறு வீடுகளுக்குள் நுழைந்ததுபோல.

ஹோம் டிப்போ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீடு கட்டவும் பழுது பார்க்கவும் சாமான் விற்கும் கடைகள். ஆரஞ்சு ஏப்ரன் போட்ட பழைய பிளம்பரும் தச்சரும் கடையில் நின்று, குழாய் ஒழுகுகிறது என்று வருகிறவனுக்கு வழி சொல்லி அனுப்பும் இடம் அது. ஒவ்வொரு கடை மேலாளரும் ஒரு குறுநில மன்னர். நார்டெல்லி கொள்முதலை மையப்படுத்தினார், எல்லாவற்றையும் அளந்தார், முழுநேர ஆட்களின் இடத்தில் பகுதிநேர ஆட்களை நிறைத்தார். விற்பனை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. இதையும் சொல்லத்தான் வேண்டும், கொள்முதலில் அவர் செய்தது தேவையான வேலை. ஆனால் குழாய்க்கு வழி சொன்ன பெரியவர் கடையில் இல்லை. பங்கு விலை நகரவில்லை, வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். 2007 ஜனவரியில் சுமார் 21 கோடி டாலர் வாங்கிக்கொண்டு அவர் வெளியேறினார்.

3எம்தான் எனக்கு அதிகம் பிடித்த உதாரணம், ஏனென்றால் அங்கே யாரும் கெட்டவர் இல்லை. ஊழியர்கள் தங்கள் நேரத்தில் 15 சதவீதத்தைத் தங்களுக்குப் பிடித்த ஆராய்ச்சியில் செலவிடலாம் என்பது அந்தக் கம்பெனியின் நெடுநாள் வழக்கம். 1968இல் ஸ்பென்சர் சில்வர் பலமான பசை ஒன்றைச் செய்யப் போய், சரியாக ஒட்டாத பசை ஒன்றைக் கண்டுபிடித்தார். எதற்கும் உதவாமல் வருஷக் கணக்கில் கிடந்தது. சர்ச் பாடல் புத்தகத்தில் வைத்த சீட்டுகள் கீழே விழுந்துகொண்டே இருந்த கடுப்பில் ஆர்ட் ஃப்ரை அந்தப் பசையைக் கையில் எடுத்தார். ஒட்டி எடுக்கும் குறிப்புச் சீட்டான போஸ்ட்-இட் அமெரிக்கா முழுவதும் கடைக்கு வந்தது 1980இல். பன்னிரண்டு வருஷம் கணக்குக்கு அடங்காமல் திரிந்த ஒரு 'பிழை' அது. பிழையைப் பத்து லட்சத்தில் மூன்றாகக் குறைக்கும் முறையை அந்தச் சோதனைச்சாலைக்குள் விட்டால் என்ன ஆகும்?

மக்னெர்னி ஏறத்தாழ எட்டாயிரம் பேரைக் குறைத்தார், ஆயிரக்கணக்கானவர்களுக்கு சிக்ஸ் சிக்மா பயிற்சி கொடுத்தார். உற்பத்திப் பக்கத்தில் அது நல்ல பலன் கொடுத்தது, லாபம் ஏறியது. அதே படிவங்களும் கட்டம் கட்டமான ஒப்புதல்களும் ஆராய்ச்சிப் பக்கமும் போயின. ஐந்து வருஷத்துக்குள் வந்த புதுப் பொருள்களின் பங்கு விற்பனையில் மூன்றில் ஒன்றாக இருந்தது, நாலில் ஒன்றாக இறங்கியது. 2005இல் அவர் போயிங்குக்குப் போனதும், பின்னால் வந்த ஜார்ஜ் பக்லி ஆராய்ச்சியாளர்களுக்கு அந்தப் பிடியைத் தளர்த்தினார், உற்பத்தியில் அப்படியே வைத்துக்கொண்டார். ஒரே மதிலுக்குள் இரண்டு மண். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. பெரும்பாலோர் வேண்டும் அல்லது வேண்டாம் என்று ஒரேயடியாக வெட்டுவார்கள்.

என் தம்பி ஐ.டி.யில் இருக்கிறான். வெல்ச் கணக்கின் பேரப்பிள்ளைதான் அவனுடைய பழைய ஆபீஸில் நடந்த பெல் கர்வ். "டீம்ல எட்டுப் பேர், எட்டுப் பேரும் நல்லா செஞ்சோம், யாராவது ஒருத்தன் கீழ போயே ஆகணும்னா நான் எதுக்குப் பக்கத்து சீட்டுக்காரனுக்குச் சொல்லித் தரணும்?" என்பான். மைக்ரோசாஃப்ட் அந்த முறையைக் கைவிட்டது 2013 நவம்பரில். அவன் இருந்த இடத்தில் அதற்கப்புறமும் சில வருஷம் ஓடியது. நாம் எப்போதும் ஒரு தீபாவளி பின்னால்தான் சட்டை வாங்குவோம்.

இதையெல்லாம் படித்தும் கேட்டும் எனக்கு உறைத்தது, கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயம். எங்கள் கம்பெனியில் கயிறு ஏற்கெனவே இருந்திருக்கிறது. காலை ஏழு மணி நடைதான் அது. கோளாறைச் சொல்ல ஒரு நேரம், கேட்க ஒரு ஆள், சொன்னவன் பெயர் எங்கும் ஏறாத பாதுகாப்பு, சொன்னதற்கு ஒன்பது மணிக்குள் பலன். டொயோட்டாவின் கயிறு செய்யும் எல்லா வேலையையும் அந்த "ம்" செய்துகொண்டிருந்தது. நாங்கள் அதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் நைலானைக் கட்டினோம். ஒரு கம்பெனிக்குள் புதிதாக எதையாவது கொண்டுவருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, இந்த வேலையை இப்போது எது செய்துகொண்டிருக்கிறது என்பதை. அது ஒரு டீக்கடையாக இருக்கலாம், ஒரு கிழவரின் நடையாக இருக்கலாம், ஸ்டோர்ஸ் கிளார்க்கின் வாயாக இருக்கலாம். பெயர் இல்லாததால் ஆலோசகர் அறிக்கையில் அது வராது.

குடும்பக் கம்பெனியின் அந்தப் பழைய வழியைப் பொற்காலம் ஆக்கவும் எனக்கு விருப்பமில்லை. அண்ணாச்சி சொன்னால் பெரியவர் கேட்பார். சால்டரிங் பெண் சொன்னால் கேட்டிருப்பாரா? அவள் சொல்லவே துணிந்திருக்க மாட்டாள். பெரியவரின் காது மூத்தவர்களுக்கும் ஆண்களுக்கும் திறந்திருந்த காது. அவர் படுத்ததும் அந்த வழியும் படுத்துவிட்டது. கயிறு கட்டியது தப்பில்லை. யார் கைக்கும் எட்டும் ஒன்று வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். தரத்துக்கு வெளிநாட்டு முறை இங்கே ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. எங்கள் எஸ்டேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998இல் தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை வாங்கியது, இந்தியாவில் முதல் கம்பெனியாக. 2002இல் டி.வி.எஸ். மோட்டார். மதுரையில் பஸ் ஓட்டி வளர்ந்த, 'டி.வி.எஸ்.ல வேலை' என்றால் பெண் கொடுக்க யோசிக்காத ஒரு பேருள்ள குழுமம் அது. அந்தப் பேரின் மேல் ஏறித்தான் ஜப்பான் முறை அங்கே வந்தது என்பது என் ஊகம்.

எங்கள் பக்கம் மாறியது ஒரு புது பிளான்ட் ஹெட் வந்த பிறகு. வேறு ஊர்க்காரர், சின்ன உருவம், அதிகம் பேச மாட்டார். வந்து முதல் இரண்டு வாரம் ஒன்றுமே செய்யவில்லை என்று நாங்கள் கேலி பேசினோம். காலை ஏழுக்கு டீ கிளாஸோடு லைன் ஓரமாக நடந்தார், அவ்வளவுதான். யாரோ அவரிடம் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது வாரம் சைரனைக் கழற்றினார். ஒரு மணியும் மஞ்சள் பல்பும் போட்டார். ரெஜிஸ்டரை என் மேஜையிலிருந்து எடுத்து, 'நிறுத்தியவர் பெயர்' கட்டத்தைப் பேனாவால் அடித்தார், 'இழந்த நிமிடம்' என்பதை அடித்துவிட்டு 'என்ன கண்டோம்' என்று எழுதினார். அனுபவமுள்ள நாலு பேரை ஸ்டேஷனிலிருந்து விடுவித்து, கூப்பிட்டால் போவது மட்டுமே வேலை என்றார். நாலு பேர் சம்பளம் வெட்டியாக என்று மேலே பெரிய சண்டை நடந்தது. கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, என் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆளையும் மாற்றக் கூடாது, நிறுத்தக் கூடாது என்றார். கான்ட்ராக்டர் தலையை ஆட்டினார். முழுக்கக் கடைப்பிடித்தார் என்று சொல்ல மாட்டேன்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "மணி அடிச்சா ஏன்னு கேக்காதீங்க. என்ன ஆச்சுன்னு கேளுங்க." அற்பமாகத் தெரிந்தது. வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. 'ஏன்' நாக்கின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தது.

பல்பு போட்டு எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள், இரண்டாவது ஷிஃப்ட், சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மணி அடித்தது. பன்னிரண்டாம் ஸ்டேஷன், அண்ணாச்சியினுடையது. விடுவிக்கப்பட்ட நாலு பேரில் ஒருவர் எனக்கு முன்பே அங்கே போய் நின்றிருந்தார். நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்றேன். லைன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் இருந்த ஸ்விட்சை எடுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங் சரி, வயர் சரி, நாலு ஸ்க்ரூவும் சரி.

அண்ணாச்சி தலையை நிமிர்த்தாமல் அடுத்த ஸ்விட்சைக் கையில் எடுத்தார்.

"ஒண்ணுமில்ல சார். கூப்பிட்டா வாரியளான்னு பாத்தேன்."

கையை மேலே நீட்டி இன்னொரு முறை இழுத்தார். பல்பு அணைந்தது.